கேமிங் கருவிகளுக்கு ஏன் இந்தத் தோற்றம்? விளையாடுகிறவர் எல்லாரும் ‘கேமர்’தானா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாள்களிலிருந்து பதினெட்டு ஆண்டுகளாகக் கணினியில் விளையாடி வருகிறீர்கள். இப்போது கட்டட வரைபட வேலைக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு நல்ல லேப்டாப் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறீர்கள். வேகமான இயந்திரங்கள் எல்லாமே கருப்பும் சிவப்புமாக, முதுகில் டிராகனும் கண்ணும் நகக்கீறலுமாக இருந்திருக்கின்றன. விற்பனையாளர், “பையனுக்கா மேடம்?” என்று கேட்டிருக்கிறார். இந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது, வேகத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா, இத்தனை ஆண்டு விளையாடியும் ‘கேமர்’ என்று சொல்லிக்கொள்ளத் தனக்கு ஏன் நா எழவில்லை என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். சென்னை ரிச்சி தெருவில் இருபது ஆண்டுகளாகக் கணினி அசெம்பிள் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில், இந்த மூன்று கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். விளையாடுகிறவர்கள் தங்கள் கையால் செய்துகொண்ட ஒரு அலங்காரத்தைத் தொழிற்சாலை எடுத்து விற்கத் தொடங்கியது. விற்ற பொருளின் தோற்றமே பிறகு ‘கேமர்’ என்ற சொல்லுக்கு எல்லை போட்டுவிட்டது. அந்த எல்லைக்கு வெளியே நின்று விளையாடுகிறவர்தாம் நீங்கள்.

தொடக்கத்தில் இந்தத் தோற்றம் இல்லவே இல்லை. 1977இல் அமெரிக்காவில் வெளிவந்த அட்டாரி கருவியின் முகப்பில் மரப்பலகை போன்ற அச்சு இருந்தது; கூடத்தில் இருக்கும் வானொலிப் பெட்டியோடும் தொலைக்காட்சியோடும் ஒத்துப்போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து ஆடுவதாகத்தான் அதன் விளம்பரங்களும் காட்டின. பிறகு 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. ஏறத்தாழ 320 கோடி டாலராக இருந்த ஆண்டு விற்பனை, 1985இல் 10 கோடி டாலர் அளவுக்கு வந்து நின்றது. ‘வீடியோ கேம்’ என்ற பெயரைக் கேட்டாலே கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்ட காலம் அது. ஜப்பானில் வெள்ளையும் சிவப்புமாக விற்றுக்கொண்டிருந்த தன் கருவியை, நிண்டெண்டோ 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, சாம்பல் நிறத்தில், வீடியோ கேசட் பிளேயர் போல முன்பக்கம் திறந்து செருகும் பெட்டியாக மாற்றியது. ‘பொழுதுபோக்கு அமைப்பு’ என்று பெயர் வைத்தது. கூடவே ஒரு சிறு ரோபோ பொம்மையையும் சேர்த்து விற்றது. இது விளையாட்டுக் கருவி என்பது பார்த்தவுடன் தெரியக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட வடிவமைப்பு அது. அந்த வேடம் பலித்தது. ஆனால் பொம்மைக் கடைக்குள் நுழைந்த பொருள், அங்கே ஆண் பிள்ளைகளுக்கு ஓர் அடுக்கு, பெண் பிள்ளைகளுக்கு ஓர் அடுக்கு என்று இருந்த பழைய பிரிவுக்குள்ளும் நுழைந்தாக வேண்டியிருந்தது. அது ஆண் பிள்ளைகளின் அடுக்கில் போய் உட்கார்ந்தது. 1989இல் வந்த கையடக்கக் கருவிக்கு ‘கேம் பாய்’ என்றே பெயர். உங்களைப் பார்த்து விற்பனையாளர் கேட்ட கேள்விக்கு இந்த அளவுக்குப் பின்கதை இருக்கிறது.

கணினியின் பக்கம் கதை வேறு விதமாகப் போனது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. தொண்ணூறுகளில் கணினி என்றால் வெளிறிய பால்கோவா நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அலுவலகத்தில் இருப்பதும் அதுவே, வீட்டில் இருப்பதும் அதுவே. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஒரே கூடத்தில் பலருடைய கணினிகளைக் கேபிளால் இணைத்து, விடிய விடிய விளையாடும் ‘லேன் பார்ட்டி’ வழக்கம் அப்போது பரவியது. ஸ்வீடனின் டிரீம்ஹாக், 1996இல் அமெரிக்காவின் டெக்சஸில் தொடங்கிய குவேக்கான் ஆகியவை அப்படி வளர்ந்த பெருங்கூட்டங்கள். விளக்கணைத்த கூடத்தில் நூற்றுக்கணக்கான ஒரே மாதிரிப் பெட்டிகள் வரிசையாக இருக்கும்போது, தன்னுடையது தனித்துத் தெரிய வேண்டும் என்ற ஆசை இயல்பானது. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கை ரம்பத்தால் அறுத்து அதில் அக்ரிலிக் கண்ணாடி பொருத்தினார்கள். உள்ளே மெல்லிய கேத்தோடு குழல் விளக்கு மாட்டினார்கள். கார் பெயிண்ட் அடித்தார்கள். அறுத்த தகட்டின் விளிம்பு கையைக் கிழித்துவிடும் என்பதால், அந்த விளிம்பு முழுவதும் ரப்பர் பட்டை பொருத்துவார்கள். பட்டை பொருத்திய நேர்த்தியை வைத்தே செய்தவரின் கைத்திறனைச் சொல்லிவிடலாம். என் பட்டறைக்கும் அப்படி ஒரு பழைய கேபினெட் ஒருமுறை பழுதுக்கு வந்தது. ஜன்னல் சற்றுக் கோணலாக இருந்தது. ஒரு மூலையில் ரம்பம் வழுக்கிய கீறலை மறைக்க ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. அதன் உரிமையாளர், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், உறுப்புகளை இணைக்கும் மதர்போர்டு எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். பெட்டியை மட்டும் மாற்ற விடவில்லை. அந்த விளக்கும் ஜன்னலும் அவர் செய்த வேலைக்குச் சாட்சி. அலங்காரம் அடையாளமாக இருந்தது என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

இந்தச் சாட்சியைத்தான் நிறுவனங்கள் ஆயத்தப் பொருளாக்கின. 1996இல் மயாமியில் நெல்சன் கொன்சாலஸ், அலெக்ஸ் அகிலா ஆகிய இருவர் தொடங்கிய ஏலியன்வேர், வேற்றுக்கிரகவாசியின் தலையைச் சின்னமாக வைத்து விளையாட்டுக்கென்றே கணினிகளைக் கட்டி விற்றது. 1999இல் ரேசர் என்ற பெயரில் வந்த ‘பூம்ஸ்லாங்’ மவுஸுக்கு ஆப்பிரிக்க மரப்பாம்பின் பெயர். எலியைத் தின்பது பாம்பு என்பதால், மவுஸ்களுக்கெல்லாம் பாம்புகளின் பெயரையும் கீபோர்டுகளுக்குச் சிலந்திகளின் பெயரையும் வைக்கும் வழக்கத்தை அந்த நிறுவனம் தொடர்ந்தது. 2006ஆம் ஆண்டைத் திருப்புமுனை என்று சொல்லலாம். அந்த ஒரே ஆண்டில் டெல் ஏலியன்வேரை வாங்கியது. ஹெச்பி நிறுவனம் வூடூ என்ற கேமிங் கணினி நிறுவனத்தை வாங்கியது. ஆசூஸ் ‘ரிபப்ளிக் ஆஃப் கேமர்ஸ்’, அதாவது கேமர்களின் குடியரசு, என்ற வரிசையைத் தொடங்கியது. அந்தப் பெயரைக் கவனியுங்கள். மதர்போர்டு வாங்குகிறவருக்குக் குடியுரிமை தருவதாகச் சொல்லும் பெயர் அது. பிறகு பிரிடேட்டர், லீஜியன், ஓமென், டைட்டன், ரெய்டர், கட்டானா என்று வேட்டையும் படையும் வாளுமாகவே பெயர்கள் வந்தன. 2011இல் கிகாபைட் வெளியிட்ட சில மதர்போர்டுகளில், சூடு தணிக்கும் ஹீட்சிங்க்கையே துப்பாக்கியில் தோட்டாக்களை அடைக்கும் கூட்டின் (மேகசின்) வடிவத்தில் வார்த்திருந்தார்கள். 2000களில், திரையில் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டுகளின் அட்டைப் பெட்டிகள் பலவற்றில் அரைகுறை ஆடையணிந்த பெண் உருவங்களே இருந்தன. வாங்குபவர் யார் என்று பெட்டி அச்சிட்டவர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். அந்தப் பெட்டிகளை அடுக்கிய அலமாரியின் முன் ஒரு பெண் நின்று விலை கேட்பதற்கு எவ்வளவு தயங்கியிருப்பார் என்பதை, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற நாங்கள் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

கருப்பு, சிவப்பு இரண்டும் பந்தயக் காரிலிருந்து வந்தவை என்பது என் கணிப்பு. 1997இல் ‘குவேக்’ என்ற சுடும் விளையாட்டின் போட்டியில் டென்னிஸ் ஃபாங் என்ற ஆட்டக்காரர் வென்ற பரிசே, அந்த விளையாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் கார்மாக்கின் சொந்தச் சிவப்பு ஃபெராரி கார்தான். அந்த உறவு மிகத் தெளிவாகத் தெரிவது நாற்காலியில். கேமிங் நாற்காலி என்று விற்கப்படுவதன் இரு பக்கமும் உயர்ந்து தோளையும் தொடையையும் அணைத்துக்கொள்ளும் மெத்தைகளைப் பார்த்திருப்பீர்கள். பந்தயக் கார் வேகமாக வளைவில் திரும்பும்போது ஓட்டுநரின் உடல் ஒரு பக்கமாகத் தூக்கி எறியப்படாமல் பிடித்துக்கொள்ள வைத்தவை அவை. உங்கள் அறையில் மேசை எந்த வளைவிலும் திரும்பப் போவதில்லை. மாறாக, அந்தப் பக்க மெத்தைகள் தோளை முன்னால் தள்ளி, காலை மாற்றிப் போட்டு உட்கார இடமில்லாமல் செய்துவிடுகின்றன. எட்டு மணி நேரம் வரைபட வேலை பார்க்கும் உங்களுக்கு, முதுகின் கீழ்ப்பகுதியைத் தாங்கும், கைப்பிடியின் உயரத்தை மாற்றக்கூடிய, வலைத்துணி போட்ட சாதாரண அலுவலக நாற்காலியே நல்லது. அதே விலைக்கு நல்லதாகவே கிடைக்கும்.

வண்ண விளக்குக்கு வருவோம், ஏனென்றால் அதற்குப் பின்னால் ஓர் உண்மையான அறிவியல் சாதனை இருக்கிறது. சிவப்பு எல்இடி 1962இலேயே வந்துவிட்டது, பச்சையும் வந்தது. நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் பிடிகொடுக்கவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை, மற்ற வண்ணங்களைக் கலந்து பெறவும் வழியில்லை. 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கினார். அந்தத் துறைக்காக அவருக்கும் இசாமு அகசாகிக்கும் ஹிரோஷி அமானோவுக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 2014இல்தான், ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாக வண்ணம் மாற்றும் கீபோர்டுகள் பெரிய நிறுவனங்களிடமிருந்து கடைக்கு வந்தன. ஒரு விசையைப் பிடுங்கிப் பார்த்தால், அரிசி மணி அளவுள்ள ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள். ஒவ்வொன்றின் பிரகாசத்தையும் 256 படிகளில் மாற்றலாம் என்பதால், 256ஐ மூன்று முறை பெருக்கிவரும் 1,67,77,216 வண்ணங்கள் கிடைக்கின்றன. ‘16.8 மில்லியன் வண்ணங்கள்’ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது இந்தப் பெருக்கல் கணக்குதான். விலை சரிந்ததும் இந்த விளக்கு ஃபேன், ரேம், மவுஸ்பேட் என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. முன்பு ஒருவர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து மாட்டிய விளக்கு, இப்போது எந்த உழைப்பும் இல்லாமல் எல்லார் பெட்டிக்குள்ளும் எரிகிறது. எல்லாரிடமும் இருப்பதால் அது யாரையும் தனித்துக் காட்டுவதில்லை. ஆனாலும் ‘இது கேமருடைய இயந்திரம்’ என்று தூரத்திலிருந்தே சொல்லும் வேலையை மட்டும் அது விடாமல் செய்கிறது.

வேகத்துக்கும் தோற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று ஒரேயடியாகச் சொன்னால் அது தவறாகிவிடும். கேமிங் லேப்டாப் தடிமனாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் கொடுக்க முடியும் என்பது, அது வெளிவிடும் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்ற முடியும் என்பதைப் பொறுத்தது. உதாரணமாக, ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. ஸ்டிக்கரில் ஒரே பெயர். ஆனால் மெலிந்த லேப்டாப்பில் அது மூச்சடக்கி ஓடும், தடித்ததில் முழு வேகத்தில் ஓடும். பின்பக்கம் திரைக்கு அப்பால் சற்று நீண்டிருக்கும் பகுதியும் அங்குள்ள பெரிய காற்றுத் துளைகளும் அதற்காகவே. அவை அழகாக இல்லாவிட்டாலும் தேவையானவை. அதே இயந்திரத்தின் ஓரங்களில் சாய்வாக வெட்டிய வேறு சில துளைகளும் இருக்கலாம். அவற்றின் மீது டார்ச் வெளிச்சம் பட்டால், சில மாடல்களில் பின்னால் வெறும் பிளாஸ்டிக் அடைத்திருப்பது தெரியும். காற்று போகாத துளை அது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட டெஸ்க்டாப் கேபினெட்டும் இப்படித்தான். ஃபேன் விளக்குகள் அழகாகத் தெரிவதற்காகக் காற்று வரும் வழியையே அடைத்துவிடுகிறார்கள், உள்ளே சூடு ஏறுகிறது. சாதாரண வலைத்தகடு போட்ட கேபினெட் அதைவிடக் குறைந்த விலையில் நன்றாகக் குளிரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 144 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு 6.9 மில்லி நொடிக்கும் ஒரு படம் காட்டும். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 16.7 மில்லி நொடி ஆகும். வேகமான விளையாட்டில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். சாதாரண மவுஸ் தன் நகர்வை 8 மில்லி நொடிக்கு ஒருமுறை கணினிக்குச் சொன்னால், 1000 ஹெர்ட்ஸ் மவுஸ் 1 மில்லி நொடிக்கு ஒருமுறை சொல்லும். ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்தினாலும் ஒன்றைக்கூட விடாமல் பதிவு செய்யும் கீபோர்டு விளையாட்டுக்கு நிச்சயம் உதவும். இவற்றில் எதற்கும் பாம்புச் சின்னம் தேவையில்லை. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் பழுப்பும் இளமஞ்சளுமாக விற்கும் ஃபேன்களை, நிறத்தைப் பொருட்படுத்தாமல் விவரம் தெரிந்தவர்கள் தேடி வாங்குவதற்குக் காரணம், அவை சத்தமில்லாமல் நன்றாகக் காற்று வீசுகின்றன என்பதே.

இனி அந்தச் சொல். நம் மொழியை வைத்தே யோசித்துப் பார்ப்போம். பல்லாங்குழி ஆடியவரையும் தாயம் உருட்டியவரையும் ஆடுபுலி ஆட்டத்தில் ஊரையே தோற்கடித்தவரையும் அந்த ஆட்டத்தின் பெயரால் யாரும் அழைத்ததில்லை. ஆடும்போது ஆடினார், எழுந்தபின் வேறு வேலைக்குப் போனார். பெயர் வைத்தது இரண்டு பேருக்குத்தான்: போட்டியில் வென்றவருக்குச் ‘சதுரங்க வீரர்’ என்று பெருமையாக ஒரு பெயர், வீட்டை அடகு வைத்து ஆடியவருக்குச் ‘சூதாடி’ என்று இழிவாக ஒரு பெயர். இடையில் இருக்கிற கோடிக்கணக்கானவர்களுக்கு நம் மொழி பெயர் தேடவே இல்லை. ‘கேமர்’ என்ற இறக்குமதிச் சொல் அந்த இடைவெளியில் வந்து உட்காரும்போது, இது எந்தப் பக்கத்துச் சொல் என்று மனம் தடுமாறுகிறது. உங்கள் கூச்சத்தில் பாதி இதனால் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுபாதி, அந்தச் சொல் பிறந்த இடத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வயதுவந்தோரில் 49 விழுக்காட்டினர் வீடியோ கேம் விளையாடுவதாகச் சொன்னார்கள். தங்களைக் கேமர் என்று சொல்லிக்கொண்டவர்கள் வெறும் 10 விழுக்காடு. விளையாடுவதில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமம், 50க்கு 48. பெயரை ஏற்பதில் மட்டும் ஆண்கள் 15, பெண்கள் 6. அதாவது விளையாடியும் பெயரை ஏற்காதவர்கள்தாம் பெரும்பான்மை. நீங்கள் விதிவிலக்கே இல்லை. ‘ஹார்ட்கோர்’ (தீவிரமாக ஆடுபவர்), ‘கேஷுவல்’ (சும்மா பொழுதுபோக்க ஆடுபவர்) என்று விளையாடுகிறவர்களையே தரம் பிரித்த அடைமொழிகளும் இதற்குத் துணை போயின. 2006இல் வந்த வெள்ளை நிற நிண்டெண்டோ வீ கருவி 10 கோடிக்கும் மேல் விற்றது. தாத்தா பாட்டிகள்கூட அதில் பந்து உருட்டினார்கள். அவர்களைக் ‘கேஷுவல்’ என்று ஒதுக்கித்தான் வைத்தார்கள். 2014இல் கேமர்கேட் என்ற பெயரில் பெண் படைப்பாளிகளும் விமர்சகர்களும் இணையத்தில் வேட்டையாடப்பட்டபோது, அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளப் பலருக்கு மேலும் ஒரு தயக்கம் சேர்ந்தது. அது நியாயமான தயக்கம்.

பெண்களுக்கென்று தனியாகச் செய்தால் தீர்ந்துவிடுமா என்றால், அதையும் செய்து பார்த்தார்கள். இளஞ்சிவப்பில் மவுஸும் ஹெட்செட்டும் வந்தன. 2022இல் லாஜிடெக் வெளியிட்ட ‘அரோரா’ வரிசை வெள்ளையும் மேக வடிவங்களுமாக வந்தபோது, விலை அதிகம் என்ற குறை உடனே எழுந்தது. எனினும், சிறிய கைகளுக்கும் காதணி அணிந்த காதுகளுக்கும் பொருந்துமாறு அதில் அளவுகளைக் கவனித்திருந்தார்கள்; அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கையின் அளவு உண்மையான தேவை. நிறம் விருப்பம், இளஞ்சிவப்பு பிடித்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் வாங்கட்டும்.

நிலைமை மாறிவருகிறது. 2021இல் ஐகியா உலகெங்கும் கேமிங் மேசை நாற்காலிகளைக் கொண்டுவந்தது. 2022இல் ஃபிராக்டல் டிசைன் நிறுவனம் முகப்பில் உண்மையான மரச் சட்டங்கள் வைத்த கேபினெட்டை வெளியிட்டது. அட்டாரியின் மர அச்சு 45 ஆண்டுகள் கழித்து அசல் மரமாகத் திரும்பி வந்திருக்கிறது. 2019இல் என்விடியா ‘ஸ்டூடியோ’ என்ற முத்திரையை அறிமுகப்படுத்தியது. கேமிங் லேப்டாப்பில் இருக்கும் அதே குடும்பத்துச் சிப், எந்தச் சின்னமும் இல்லாத சாம்பல் நிற உடலில், ‘படைப்பாளிகளுக்கு’ என்ற பெயரில் விற்கிறது. உங்கள் வரைபட வேலைக்கு இந்த வகை பொருந்தும். ஆனால் இதுவும் ஒரு முத்திரைதான் என்பதை மறக்க வேண்டாம். பல கடைகளில் இதற்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். மெலிந்த உடல் என்பதால் வாட் அளவு குறைவாகவும் இருக்கலாம்.

ஆகவே கடையில் ஓடிக்கொண்டிருக்கும் மாதிரி இயந்திரத்தில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் ‘மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்’ என்ற வரியில் உள்ள எண்ணைப் பாருங்கள். தடித்த கேமிங் மாடலில் அது 100க்கு மேல் இருந்து, விலையும் கட்டுப்படியானால், டிராகனைப் பொருட்படுத்தாமல் அதையே வாங்கலாம். கீபோர்டு விளக்கைப் பெரும்பாலான மாடல்களில் எஃப்என் விசையோடு இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்தினால் அணைத்துவிடலாம். மூடியில் உள்ள சின்னத்தின் மேல் ஒரு மேட் கருப்பு ஸ்கின் ஒட்டினால், கட்டட வேலை நடக்கும் இடத்துக்குக் கூச்சமில்லாமல் எடுத்துப் போகலாம். விற்பனையாளர் மறுபடியும் “பையனுக்கா?” என்று கேட்டால், “எனக்குத்தான். இதில் கார்டுக்கு எத்தனை வாட் கிடைக்கும்?” என்று கேளுங்கள். அதன் பிறகு அவர் இயந்திரத்தைப் பற்றி மட்டுமே பேசுவார். பதில் தெரியாவிட்டால், தெரிந்தவரை உள்ளேயிருந்து அழைத்து வருவார்.